ஊசியின் அடியில் ஒரு வாஷர்

கவாசாகி கே.எல்.ஆர். 650 வைத்திருந்த அமெரிக்கர்களிடையே '22 சென்ட் வேலை' என்று ஒன்று பிரசித்தம். கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே தொங்கும் மெல்லிய ஊசியை உருவியெடுத்து, அதன் தலைக்கு அடியில் பொடி வாஷர் ஒன்றிரண்டைக் கோத்து, திரும்ப மூடிவிட வேண்டியது. அந்த வாஷர்களுக்கு ஆகும் சில்லறைதான் பெயரில் இருக்கிறது. கை பழகியவருக்கு ஒரு பிற்பகல் வேலை. முடித்துவிட்டு வண்டியை எடுத்தால், ஆக்ஸிலரேட்டரை மெல்ல முறுக்கும்போது முன்பு இருந்த தயக்கம் போயிருக்கும். 'இன்ஜினே மாறிவிட்டது' என்று சொன்னவர்கள் ஏராளம். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத உலோக வளையம் 651 சி.சி. இன்ஜினின் குணத்தை எப்படி மாற்றும்? அதற்கு விடை தெரிந்துவிட்டால், வண்டிக்குச் செய்யப்படும் மற்ற 'பவர்' வேலைகளில் எது தேறும், எது தேறாது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதலில் வண்டி. கே.எல்.ஆர். 650 சந்தைக்கு வந்தது 1987-ல். ஒற்றை சிலிண்டர், தண்ணீரால் குளிரும் இன்ஜின், 23 லிட்டர் டேங்க். காலையில் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய், மதியம் மலைப்பாதையின் சரளைக் கற்களில் ஏறி, இரவு கூடாரம் அடிக்கும் ஆட்களுக்கான வண்டி. 2008-ல் வெளித்தோற்றமும் சஸ்பென்ஷனும் பெரிதாக மாறின. இன்ஜினும் கார்புரேட்டரும் அடிப்படையில் பழையபடியே 2018 வரை ஓடின. முப்பது ஆண்டுக்காலம் ஒரே இன்ஜின் என்பதால், அதன் சொந்தக்காரர்கள் அதைத் திறந்து பார்க்காத இடமில்லை, செய்து பார்க்காத வேலையும் இல்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்துக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வண்டியின் இன்ஜினில் வீட்டில் உட்கார்ந்து செய்யத் தகுந்த வேலை, தொழிற்சாலை சட்டத்துக்காகக் குறைத்துவைத்த பெட்ரோலைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது. அதனால் கிடைப்பது கட்டுப்பாடு. வேகம் அவ்வளவாகக் கிடைக்காது. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு படியும், ஊருக்கு வெளியே இருநூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போது நம்மைக் கைவிடாத இன்ஜினிலிருந்து எதையோ எடுத்துத்தான் கொடுக்கிறது.

தொழிற்சாலை ஏன் பெட்ரோலைக் குறைத்தது? அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் 1978 மாடல் ஆண்டிலிருந்து சாலை மோட்டார் சைக்கிள்களின் புகைக்கு வரம்பு வந்தது. எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்ஸைடும் குறைய வேண்டுமானால், கலவையில் காற்று சற்று மிகுந்திருக்க வேண்டும். வேதியியல் கணக்குப்படி ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று போதும். ஆனால் இன்ஜின் அதிகபட்ச இழுவை தருவது 12.5-க்கும் 13-க்கும் இடையில். ஏனென்றால் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் ஒருபோதும் முழுமையாகக் கலப்பதில்லை. உள்ளே வந்த ஆக்ஸிஜன் ஒரு துளியும் வீணாகக்கூடாது என்றால், பெட்ரோல் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். மெக்கானிக் மொழியில் 14.7-க்கு மேலே போனால் 'லீன்', கீழே வந்தால் 'ரிச்'. அமெரிக்கச் சந்தைக்கு வந்த கார்புரேட்டர் வண்டிகள் பெரும்பாலும் லீனாகவே வந்தன. வாங்கியவர் கைவைக்கக் கூடாது என்று ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூவின் மேல் ஒரு பித்தளை மூடியை அடித்து அடைத்துவிட்டார்கள். ஊசியிலும் அப்படித்தான். வழக்கமாக ஊசியின் தலைப்பக்கம் நாலைந்து பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அமெரிக்க கே.எல்.ஆர். ஊசியில் அந்த வசதி இல்லை. ஒரே நிலைதான். வாஷருக்கு அங்கே வேலை வந்தது அதனால்தான்.

இப்போது இந்த இன்ஜினின் உச்சவரம்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் போதும். எத்தனை விளம்பரம் வந்தாலும் இந்தக் கணக்கைத் தாண்டி எந்தச் சைலன்சராலும் போக முடியாது.

இது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடினால் 3000 இழுப்பு. ஒரு இழுப்புக்கு 0.651 லிட்டர். ஆக நிமிடத்துக்கு 1953 லிட்டர், நொடிக்கு ஏறத்தாழ 32.5 லிட்டர். கடல்மட்டத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். அப்படியானால் நொடிக்கு 39 கிராம் காற்று. ஆனால் வால்வு திறந்திருக்கும் சொற்ப நேரத்தில் சிலிண்டர் முழுதாக நிரம்பாது. 85 சதவீதம் நிரம்பும் என்று வைத்துக்கொள்வோம். 33 கிராம். பதின்மூன்றுக்கு ஒன்று என்றால் நொடிக்கு இரண்டரை கிராமுக்குச் சற்று கூடுதலான பெட்ரோல். ஒரு கிராம் பெட்ரோலில் சுமார் 44 கிலோஜூல் வெப்பம் இருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 112 கிலோஜூல், அதாவது 112 கிலோவாட். இதில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றும் வேலையாகிறது. மீதியெல்லாம் புகையோடும் ரேடியேட்டரோடும் போய்விடும். 112-ல் 26 சதவீதம் 29 கிலோவாட், அதாவது 39 குதிரைத்திறன். கியர்பாக்ஸிலும் செயினிலும் தேய்ந்தது போகப் பின்சக்கரத்துக்கு முப்பத்தைந்தை ஒட்டி வந்து சேரும். திறனை அளக்கும் டைனோ மேடையில் ஏற்றிய கே.எல்.ஆர்.கள் காட்டும் எண்ணும் அதன் அருகில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கில் நம் கை எட்டும் இடங்கள் மிகக் குறைவு. காற்றின் எடையை மாற்ற முடியாது. பெட்ரோலின் வெப்பத்தையும் மாற்ற முடியாது. சிலிண்டர் நிரம்பும் அளவை 85-லிருந்து 90-க்கு உயர்த்தினால் இரண்டு குதிரைத்திறன் வரும். சைலன்சர், காற்று உள்ளே வரும் ஏர்பாக்ஸ், வால்வைத் திறக்கும் கேம் எல்லாம் முட்டிமோதுவது அந்த ஐந்து சதவீதத்துக்காகத்தான். சுற்று வேகத்தைக் கூட்டலாம். ஆனால் இந்த இன்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் 83 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஓடுகிறது. 6500 சுற்றிலேயே அதன் சராசரி வேகம் நொடிக்கு 18 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் அது நின்று திரும்புகிறது. சுற்று வேகம் பத்து சதவீதம் கூடினால், அப்படித் திருப்புவதற்குக் கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய விசை 21 சதவீதம் கூடிவிடும். நூறு மில்லிமீட்டர் அகலமான பிஸ்டனுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஊசிக்கு வருவோம். இந்த வண்டியில் இருப்பது கெய்ஹின் நிறுவனத்தின் 40 மில்லிமீட்டர் வாக்குவம் கார்புரேட்டர். ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை, அதாவது திராட்டிலை, திருகினால் நேரடியாகத் திறப்பது ஒரு தட்டையான பட்டர்ஃபிளை மட்டுமே. அதற்கு முன்னால் ஒரு ஸ்லைடு குழாயை மறித்துத் தொங்கும். அதன் தலையில் மெல்லிய ரப்பர் டயாஃப்ரம். இன்ஜின் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அந்தக் குறைவு ஸ்லைடின் அடியில் இருக்கும் சிறு துளை வழியாக டயாஃப்ரத்தின் மேல் அறைக்குப் போகும். கீழே வெளிக்காற்றின் அழுத்தம் தள்ள, ஸ்லைடு எழும். இன்ஜின் எவ்வளவு காற்றை வாங்கிக்கொள்ளத் தயாரோ அவ்வளவுதான் எழும். கை அவசரப்பட்டாலும் கார்புரேட்டர் அவசரப்படாது. நீண்ட பயண வண்டிக்கு இந்தக் குணம் பொருத்தமானது.

ஸ்லைடிலிருந்து தொங்கும் ஊசி, கீழே ஒரு பித்தளைக் குழலின் வாய்க்குள் இறங்கியிருக்கும். ஊசி கீழே போகப் போகக் கூர்மையாகும். குழலின் சுவருக்கும் ஊசிக்கும் இடையில் உள்ள வளைய வடிவ இடுக்கு வழியாகத்தான் பெட்ரோல் மேலே வருகிறது. கால் திராட்டிலிலிருந்து முக்கால் திராட்டில் வரை பெட்ரோலின் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது இந்த இடுக்கு. அதற்குக் கீழே பைலட் ஜெட் என்ற சிறு துளையும், அதற்கு மேலே மெயின் ஜெட் என்ற பெரிய துளையும் அதிகாரம் செலுத்தும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். குழலின் வாய் 2.60 மில்லிமீட்டர் விட்டம், அந்த மட்டத்தில் ஊசி 2.40 என்று வைத்துக்கொள்வோம். இடுக்கின் பரப்பு 0.785 சதுர மில்லிமீட்டர். அடியில் வாஷர் போட்டு ஊசியை உயர்த்தியதால், அதே மட்டத்துக்கு இப்போது ஊசியின் இன்னும் மெலிந்த பகுதி வந்துவிட்டது, 2.36 என்போம். பரப்பு 0.935 ஆகிறது. ஊசியின் விட்டம் ஒரு தலைமுடியின் கனத்தில் பாதியளவு குறைந்திருக்கிறது, பெட்ரோல் வழியோ 19 சதவீதம் விரிந்திருக்கிறது. இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம்தான் அந்த இடுக்கு என்பதால், சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. தயக்கம் போனது இதனால்தான். இரண்டாவது வாஷருக்கு யோசிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஒன்றில் சரியாகும் இன்ஜின் இரண்டில் பெட்ரோல் குடிக்கத் தொடங்கிவிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பலர் இதில்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். பாதி திராட்டிலில் கலவை லீனாக இருந்து இழுவை குறைந்தால், இன்னும் கொஞ்சம் திருகினால் போதும், இழுவை வந்துவிடும். முழுத் திராட்டிலில் ஊசிக்கு வேலை குறைவு. ஆகவே ஊசியை உயர்த்தியதால் இன்ஜினின் உச்சத் திறன் குறிப்பிடும்படி கூடவில்லை. கூடியது வேறு. பாறைகளுக்கு நடுவே முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்தபடி, திராட்டிலைக் காகிதக் கனத்துக்குத் திறந்து மூடும் நேரத்தில், கை கேட்டதும் இன்ஜின் பதில் சொல்கிறது. லீன் கலவையில் தீ மெதுவாகப் பரவும். சில சுழற்சிகளில் சரியாகப் பற்றாமலே போகும். அந்த ஒரு கணத் தயக்கத்தில் முன்சக்கரம் கல்லில் மோதி நின்றுவிட, இருநூறு கிலோ வண்டி சாயத் தொடங்கும். இதை அனுபவித்தவருக்கு அந்த வாஷர் உண்மையிலேயே இன்ஜினை மாற்றியதுதான். டைனோ தாளில் அது தெரியவில்லை என்பதற்காக அதைக் கற்பனை என்று தள்ளுவது நியாயமில்லை.

அதே '22 சென்ட் வேலை'யில் இன்னொரு பாதியும் உண்டு. ஸ்லைடின் அடியில் உள்ள அந்தத் துளையை டிரில் பிட்டால் சற்றுப் பெரிதாக்கி ஸ்லைடைச் சீக்கிரம் எழவைப்பது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாஷரைப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். போட்ட துளையைத் திரும்ப அடைக்க வழியில்லை. புது ஸ்லைடுதான் வாங்க வேண்டும். எதையும் திறப்பதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: சனிக்கிழமை செய்வதை ஞாயிற்றுக்கிழமை பழையபடி ஆக்க முடியுமா?

அடுத்து ஏர்பாக்ஸும் சைலன்சரும். இவற்றைப் பற்றிப் பேச சுசூகி டி.ஆர்.-இசட் 400 நல்ல சாட்சி. 2000-ல் வந்த இந்த வண்டியில் 398 சி.சி. இன்ஜினையே இரண்டு விதமாக அந்த நிறுவனம் விற்றது. சாலைக்கான எஸ் வகையில் 36 மில்லிமீட்டர் மிகுனி வாக்குவம் கார்புரேட்டர், 11.3-க்கு 1 அமுக்க விகிதம். காட்டுப்பாதைக்கான இ வகையில் 39 மில்லிமீட்டர் கெய்ஹின் எஃப்.சி.ஆர்., 12.2-க்கு 1, வேறு கேம். எஃப்.சி.ஆர். கார்புரேட்டரில் ஸ்லைடை ஓட்டுபவரின் கேபிளே இழுக்கிறது. திடீரென்று திருகினால் பெட்ரோலைப் பீச்சியடிக்கச் சிறிய பம்பும் உண்டு. ஒரே இன்ஜின் எவ்வளவு அடக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் உணரலாம். எஸ் வண்டிக்காரர்கள் செய்யும் முதல் வேலை, ஏர்பாக்ஸின் மேல்பக்கத்தில் மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் சதுரமாக வெட்டித் திறப்பது. கூடவே ஜெட்டையும் பெரிதாக்க வேண்டும். காற்றை மட்டும் திறந்துவிட்டு ஜெட்டை அப்படியே விட்டால், ஏற்கெனவே லீனாக இருக்கும் கலவை இன்னும் லீனாகும். வெட்டியவர்களில் பலர் 'முன்னைவிட மோசமாகிவிட்டது' என்று புலம்பியதற்குக் காரணம் இதுதான்.

ஏர்பாக்ஸை வெறும் தடையாகப் பார்ப்பதும் பிழை. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் காற்றைத் தொடர்ந்து இழுப்பதில்லை, விட்டுவிட்டு இழுக்கிறது. ஒவ்வொரு இழுப்பும் குழாயில் ஓர் அழுத்த அலையைக் கிளப்பும். பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் பொருந்திவந்தால், அந்த அலை திரும்பி வரும் நேரத்தில் வால்வு திறந்திருந்து கொஞ்சம் காற்றைக் கூடுதலாகத் திணிக்கும். பெட்டியைக் கன்னாபின்னாவென்று திறந்தால் உச்சத்தில் ஒரு குதிரைத்திறன் வரலாம், நடுச்சுற்றில் இழுவை போகலாம். தூசியும் தண்ணீரும் வேறு இருக்கிறது. ஓடையைக் கடக்கும்போது காற்று எங்கிருந்து உள்ளே போகிறதோ அந்த உயரம்தான் வண்டி இறங்கக்கூடிய ஆழம். அந்தத் துளையை எங்கே போடுகிறோம் என்பது டைனோவில் வரும் எண்ணைவிட முக்கியம்.

சைலன்சரைப் பொறுத்தவரை, நான் மாற்றுவதாக இருந்தால் எடையைக் குறைப்பதற்காக மட்டும் மாற்றுவேன். பின்னால், உயரத்தில் தொங்கும் எடையைக் குறைத்தால் மண்ணில் வண்டியைத் திருப்புவது லேசாகும். திறன் ஒன்றிரண்டு குதிரை, அதுவும் உச்சச் சுற்றில். சத்தமோ நிச்சயமாகக் கூடும். அமெரிக்காவில் 1986 மாடலிலிருந்து சாலை மோட்டார் சைக்கிளுக்கு 80 டெசிபல் வரம்பு. தேசிய வனங்களில் நுழைய, சூடான கரித்துகள் வெளியே தெறிக்காமல் தடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட தீப்பொறித் தடுப்பி சைலன்சருக்குள் இருந்தாக வேண்டும். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும் என்பதால் அந்த விதியில் எனக்கு முழு உடன்பாடு. சத்தமும் அப்படித்தான். மலைப்பாதைகள் பொது நிலம். அருகில் வசிப்பவர்களும் நடந்து வருபவர்களும் புகார் செய்தே மூடிய பாதைகள் இருக்கின்றன. ஒருவருடைய இரண்டு குதிரைத்திறனுக்கு எல்லோருடைய பாதையையும் விலையாகக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

உயரம் இன்னொரு சிக்கல். கொலராடோவின் சான் வான் மலைகளில் யுரேயிலிருந்து டெலுரைடுக்குப் போகும் இமோஜின் கணவாய் கிட்டத்தட்ட 4000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இன்ஜினின் திறனும் அந்த அளவுக்கு விழும். எந்த ஜெட்டும் அதைத் திரும்பத் தராது. அத்துடன், கார்புரேட்டர் காற்றின் கன அளவுக்கு ஏற்பப் பெட்ரோலை விடுமே தவிர எடையை அறியாது. மெலிந்த காற்றில் கலவை தானாகவே ரிச்சாகும். வாக்குவம் கார்புரேட்டர் இதை ஓரளவு ஈடுகட்டும், முழுதாக அல்ல. கலிபோர்னியாக் கடற்கரையில் இழுவைக்காக மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியவர், கணவாயின் உச்சியில் கருப்புப் புகை விட்டபடி திணறுவார். தொழிற்சாலையின் லீன் ஜெட்டோடு வந்தவர் பக்கத்தில் சாதாரணமாக ஏறிப்போவார். நீண்ட பயணம் போகிறவர் ஜெட்டை ஒரு படி அடக்கமாக வைப்பது நல்லது.

அமுக்க விகிதம், போர் (சிலிண்டரின் உள்விட்டம்), கேம் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 9.8-லிருந்து 11-க்கு அமுக்கத்தைக் கூட்டினால், வெப்ப இயக்கவியல் கணக்குப்படி கிடைப்பது மூன்று சதவீதத்தை ஒட்டிய ஆதாயம். அதற்குப் பதிலாக, கிடைக்கிற பெட்ரோலையெல்லாம் குடிக்கும் சுதந்திரம் போய்விடும். மலை மாநிலங்களின் பங்க்குகளில் 85 ஆக்டேன் பெட்ரோலே சாதாரண ரகம். மெலிந்த காற்றில் அது தாக்குப்பிடிக்கும். அதை நிரப்பிக்கொண்டு கீழே யூட்டா பாலைவனத்தின் வெயிலுக்கு இறங்கி, முழுச் சுமையோடு மேட்டில் ஏறினால், அமுக்கம் கூடிய இன்ஜின் 'நாக்' அடிக்கும். தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனை அடிப்பதுதான் அது. கே.எல்.ஆருக்கு 685 சி.சி. கிட் ஒன்று உண்டு. போரை ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அகலப்படுத்தினால் அந்த அளவு வரும். ஐந்து சதவீதம் பெரிய இன்ஜின். ஆனால் அதைப் போட்டவர்களில் பலருக்குத் திறன் முதல் காரணம் அல்ல. 2008-க்குப் பிந்தைய வண்டிகள் சில நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் ஆயிலைக் குடித்தன. புது போர், புது பிஸ்டன், புது ரிங் என்றால் அது தீரும். அந்தக் காரணத்துக்காகச் செய்தால் அது பழுதுபார்ப்பு. எனக்கு அதில் மறுப்பில்லை.

இன்ஜினை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதற்கு எல்லையைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்க மரைன் படையின் எம்1030எம்1 வண்டியைப் பார்க்கலாம். கே.எல்.ஆரை அடிப்படையாக வைத்து, படையின் டாங்கிகளும் விமானங்களும் பயன்படுத்தும் எரிபொருளிலேயே ஓடுகிற டீசல் மோட்டார் சைக்கிளை ஹேஸ் டைவர்சிஃபைட் டெக்னாலஜீஸ் செய்துகொடுத்தது. அது ஒரு தொழிற்கூடம் ஆண்டுக்கணக்கில் உழைத்த வேலை. வீட்டுக் கொட்டகையில் ஆகாது.

இழுவைதான் வேண்டும் என்பவருக்கு இன்ஜினைத் தொடாமலே ஒரு வழி இருக்கிறது. கே.எல்.ஆரின் முன் ஸ்பிராக்கெட்டில் 15 பற்கள். 14 பற்கள் உள்ளதைப் போட்டால், எல்லாக் கியரிலும் எல்லாச் சுற்றிலும் பின்சக்கரத்துக்கு வரும் திருகுவிசை ஏழு சதவீதம் கூடும். மேலே சொன்ன எந்த வேலையும் தாழ்ந்த சுற்றில் இவ்வளவு தராது. நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் ஏழு சதவீதம் வேகமாகச் சுற்றும், அதிர்வு கொஞ்சம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். வேண்டாமென்றால் பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம். திறன் ஒரு வாட்கூட ஏறியிருக்காது, ஆனால் செங்குத்தான சரளை மேட்டில் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே காலுக்கும் கைக்கும் தெரியும்.

தெரியும் என்று சொன்னேன். ஆனால் உடம்பின் சாட்சியை எவ்வளவு நம்பலாம்? சத்தம் கூடினால் வேகம் கூடியதாகத் தோன்றும். காசு செலவழித்து, கை அழுக்காக்கிச் செய்த வேலை பலன் தரவில்லை என்று ஒப்புக்கொள்ள மனமும் இடம் தராது. டைனோவிலும் ஒரே வண்டியை அடுத்தடுத்து ஏற்றினால் ஒன்றிரண்டு சதவீதம் ஏறி இறங்கும். காற்றின் சூடும் அழுத்தமும் மாறினால் அதற்கும் திருத்தம் போட வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை எளியது. ஆள்நடமாட்டமில்லாத சமமான சாலையில், டாப் கியரில், மணிக்கு 60-லிருந்து 100 கிலோமீட்டர் போக எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் திசையைக் கழிக்க இரு பக்கமும் ஓட்டுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும், ஒரே நாளில், ஒரே எடையோடு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். கலவையை அறிய, புகைக்குழாயில் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் பொருத்துவது நேர்வழி. ஸ்பார்க் பிளக்கின் நிறத்தை வைத்துச் சொல்லும் பழைய வழக்கம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் உருவானது. இன்றைய பெட்ரோலில் அது அவ்வளவு தெளிவாகப் பேசாது.

கே.எல்.ஆர். சொந்தக்காரர்கள் ஒருமனதாகப் 'போட்டே ஆக வேண்டும்' என்று சொல்லும் ஒரு பாகம் இருக்கிறது. அது திறனுக்குச் சம்பந்தமே இல்லாதது என்பதுதான் எனக்கு இந்த வண்டியின் வரலாற்றிலேயே பிடித்த விஷயம். ஒற்றைப் பெரிய பிஸ்டனின் அதிர்வைத் தணிக்க, இன்ஜினுக்குள் இரண்டு எதிரெடைத் தண்டுகள் ஒரு செயினால் சுற்றுகின்றன. செயின் தொய்ந்தால் இறுக்குவதற்கு ஒரு சின்ன நெம்பும், அதை இழுக்கும் ஒரு ஸ்பிரிங்கும். 'டூஹிக்கி' என்று செல்லப்பெயர். பழைய வண்டிகளில் அந்த நெம்பு தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது, உடைந்துபோவதுண்டு. ஸ்பிரிங்கும் தேவையான தூரத்துக்கு இழுக்காமல் தளர்ந்து கிடக்கும். இறுக்கும் போல்ட்டை முறைப்படி தளர்த்தி முடுக்கினாலும் செயின் தொய்வு எடுபடாது. துண்டு உடைந்து விழுந்தால் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். 2008-ல் நெம்பை மாற்றியமைத்தார்கள், ஸ்பிரிங் பற்றிய கவலை தொடர்ந்தது. ஆகவே சொந்தக்காரர்களே முழு எஃகில் கடைந்த நெம்பையும் வேறு வகை ஸ்பிரிங்கையும் செய்து, இடது பக்க மூடியைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார்கள். மாட்டிய பிறகு ஓட்டிப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்காகப் பல மணிநேரம் செலவழித்து, ஒருவருக்கொருவர் கருவிகளை இரவல் கொடுத்துச் செய்தவர்கள், தங்கள் வண்டி எதற்கானது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

2022 மாடலில் கே.எல்.ஆர். பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு திரும்பி வந்தது. அப்போது கவாசாகி கேமின் வடிவத்தையும் மாற்றியது. கீழ்ச் சுற்றிலும் நடுச் சுற்றிலும் இழுவை வலுப்படும்படி. உச்சத்தை எட்டிப்பிடிக்கும் ஆசையைத் தொழிற்சாலையே ஒதுக்கிவிட்டது. வாஷரின் காலமும் அத்தோடு முடிந்தது. இன்று புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் ஒவ்வொரு கணமும் கலவையைப் பார்க்க, இன்ஜினின் கணினியான இ.சி.யு. அதை 14.7-ஐ ஒட்டி நிறுத்துகிறது. உயரம் ஏறினால் அழுத்த சென்சார் பார்த்துக்கொள்ளும்.

நம் சாலைகளில் இதே மாற்றத்தைக் கடந்தது, சென்னையில் பிறந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 411 சி.சி., 78 மில்லிமீட்டர் போர், 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். 2016-ல் கார்புரேட்டரோடு வந்து 2017-ல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. அந்த நீண்ட ஸ்ட்ரோக்கில் 6500 சுற்றுக்குப் பிஸ்டன் வேகம் நொடிக்கு 18.6 மீட்டர், மேலே விரட்ட இடமில்லை. இத்தகைய வண்டியில் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மட்டும் மாட்டினால், சீராக ஓடும்போது இ.சி.யு. கலவையைப் பழைய இடத்துக்கே இழுத்துவந்துவிடும். அதை ஏமாற்ற, உள்ளே போகும் காற்று நிஜத்தில் இருப்பதைவிடக் குளிர்ச்சியானது என்று பொய்த் தகவல் தரும் சிறு கருவிகளை விற்கிறார்கள். குளிர்காற்று அடர்த்தியானது என்று நம்பி இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும். ஆனால் சென்சாரின் சொல்லை இ.சி.யு. கேட்கும் பகுதிகளில் அந்தக் கூடுதலும் சிறிது நேரத்தில் திருத்தப்பட்டுவிடும். திராட்டிலைச் சட்டென்று திறக்கும்போதும் முழுதாகத் திறக்கும்போதும்தான் பலன் தங்கும். தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் வாங்குவதற்கு முன் நினைவில் வையுங்கள்.

'இழுவை குறைந்துவிட்டது, என்ன மாற்றலாம்' என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, வால்வு கிளியரன்ஸ் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றுதான். கே.எல்.ஆரில் இன்டேக் வால்வுக்கு 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.15 முதல் 0.25. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து மேலேறி இந்த இடைவெளி சுருங்கும். முழுதும் சுருங்கினால் வால்வு சரியாக உட்காராது. அமுக்கம் கசியும், காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும், எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கொடுக்க முடியாமல் விளிம்பு கருகும். ஃபீலர் கேஜின் 0.15 தகட்டை எக்ஸாஸ்ட் கேமுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவினால் வால்வு நலம். நுழையவே மறுத்தால், சைலன்சருக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு சிறு பகுதி அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகட்டுக்குப் போகட்டும்.